ஏழாவது ரவுண்டில் ஒரு குவார்ட்டர்

ராஜபாளையத்தில் இருக்கும் என் மச்சினனிடம் போனில் பேசும்போது வார்த்தையை அளந்துதான் விட வேண்டும். இதை நான் கற்றுக்கொண்டது 2024 ஏப்ரல் கடைசியில். இங்கே விஸ்கான்சினில் சனிக்கிழமை சாயங்காலம். அவனுக்கு ஞாயிறு விடியக்காலை. வாக்கிங் கிளம்புமுன் அக்காவுக்கு ஒரு போன் போட்டுவிட்டுத்தான் செருப்பு மாட்டுவான். அன்றைக்கென்று போனை நான் எடுத்துத் தொலைத்தேன். சந்தோஷம் வேறு தலைக்கு ஏறியிருந்தது. "மாப்ளே, ஏழாவது ரவுண்டுல ஒரு குவார்ட்டர்..." என்று ஆரம்பித்தேன். "பேக்" என்று முடிப்பதற்குள் அந்தப் பக்கம் மயான அமைதி. பிறகு மெதுவாக, "அக்காகிட்ட போனைக் குடுங்க அத்தான்" என்றான்.

கொடுத்தேன். "ஏழு ரவுண்டாம்லக்கா?" என்று அவன் கேட்டது எனக்கே கேட்டது. வீட்டுக்காரி கீரை ஆய்ந்துகொண்டே, "ஆமாடா, வியாழக்கிழமை ராத்திரி ஆரம்பிச்சாரு. இன்னும் முடிக்கல" என்றாள்.

காப்பிக்கு மேல் எதையும் தொடாதவன் நான். ராஜபாளையத்தில் இன்றைக்கும் யாரும் நம்புவதில்லை.

குவார்ட்டர்பேக் என்பது ஒரு ஆள், ஐயா. அமெரிக்கக் கால்பந்தில் (பெயர்தான் கால்பந்து, காலால் பந்தைத் தொடுவது ஆடிக்கொரு தரம் அமாவாசைக்கொரு தரம்) பந்து முதலில் இவர் கைக்குத்தான் வரும். எதிரே ஆளுக்கு நூற்றிருபது, நூற்றிமுப்பது கிலோவில் நாலைந்து பேர் இவரைக் கீழே சாய்ப்பதற்கென்றே ஓடிவருவார்கள். இரண்டு மூன்று விநாடிக்குள் யாருக்கு எறிவது என்று பார்த்து எறிந்தாக வேண்டும். கல்யாண வீட்டில் தலைமைச் சமையல்காரர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் கால் வழுக்கி விழுந்தால் எத்தனை மைனர் செயின்கள் முன்வரிசையில் இருந்தும் பிரயோஜனமில்லை. அதனால் ஒவ்வோர் அணியும் ஓரத்தில் ஒரு மாற்று ஆளை, முடிந்தால் அவருக்கும் ஒரு மாற்று ஆளை நிறுத்தி வைத்திருக்கும்.

இவர்களைப் பொறுக்கியெடுக்கும் வைபவம்தான் டிராஃப்ட். 32 அணிகள், ஏழு சுற்று, மூன்று நாள். கல்லூரியில் ஆடிய பையன்களை முறை வைத்துக் கூப்பிடுவார்கள். போன வருஷம் மகா மோசமாகத் தோற்றவனுக்கு முதல் இலை. வியாழன் ராத்திரி முதல் பந்தி: கோட்டு சூட்டு, கட்டித் தழுவல், அம்மாமார் கண்ணீர். வெள்ளிக்கிழமை இரண்டும் மூன்றும். சனிக்கிழமை நாலிலிருந்து ஏழு வரை. அதற்குள் வடை தீர்ந்து, பாயசம் தீர்ந்து, ரசமும் அப்பள நொறுக்கும்தான் மிச்சம். அந்தக் கடைசிப் பந்தியில், "இப்போதைக்கு ஆகாது, மூணு வருஷம் ஜாடியில் ஊறினால் தேறுவான்" என்று மாவடு மாதிரி ஒரு குவார்ட்டர்பேக்கை எடுத்துப் போடுவார்கள் பாருங்கள், அவன்தான் என் பலவீனம்.

எனக்கென்ன இதில் அக்கறை என்று கேட்பீர்கள். நான் கிரீன் பே பேக்கர்ஸ் அணியின் முதலாளி. சிரிக்க வேண்டாம். மற்ற அணிகளுக்குக் கோடீஸ்வரர்கள் சொந்தக்காரர்கள். பேக்கர்ஸுக்கு மட்டும் சாதாரண ஜனங்கள்தான். 2021 நவம்பரில் பங்கு ஒன்று 300 டாலர் என்று விற்றார்கள். ஒன்று வாங்கிவிட்டு, ராத்திரி சாப்பாடு முடிந்து அவள் நல்ல மனநிலையில் இருக்கும் நேரம் பார்த்துச் சொன்னேன்.

"டிவிடெண்ட் எவ்வளவு தருவான்?"

தரமாட்டான்.

"வெலை ஏறினா விக்கலாமா?"

விற்க முடியாது.

"டிக்கெட்டாவது தருவானா?"

சீசன் டிக்கெட்டுக்கு ஒரு லட்சம் பேருக்கு மேல் வரிசையில் நிற்கிறார்கள், பேரன் காலத்தில் கிடைக்கலாம் என்றேன். ஓட்டுப் போடும் உரிமை உண்டு, சான்றிதழ் உண்டு என்று எடுத்துக் காட்டினேன். அதை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, பின்பக்கமும் திருப்பிப் பார்த்தாள். "அரைப் பவுன் வந்திருக்கும்" என்றாள். சட்டம் போட்ட அந்தச் சான்றிதழ் இப்போது அடித்தளத்தில், ஹீட்டருக்குப் பின்னால் தொங்குகிறது. முதலாளி அதைப் பார்க்க டார்ச் எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும்.

என்னைப் போன்றவர்களைக் கெடுத்தது ஒரே ஆள். டாம் பிரேடி. 2000 டிராஃப்டில் ஆறாவது சுற்று, 199வது பெயர். அவருக்கு முன்னால் ஆறு குவார்ட்டர்பேக்குகளைக் கூப்பிட்டுவிட்டார்கள். அதில் ஜியோவானி கார்மாஸி என்பவரை சான் ஃபிரான்சிஸ்கோ 65வதாக எடுத்தது. அவர் சீசன் ஆட்டம் ஒன்றில்கூட இறங்காமலேயே போய்விட்டார். பிரேடி சோதனை ஓட்டத்தில் 40 கஜத்தைக் கடக்க 5.28 விநாடி எடுத்துக்கொண்டார். அவர்கள் கணக்கில் அது நகர்வதே தவிர ஓடுவதில்லை. பால் பொங்கும்போது நான் அடுப்பங்கரைக்குப் பாய்வேனே, கிட்டத்தட்ட அந்த வேகம். நியூ இங்கிலாந்து அணி அவரை நாலாவது குவார்ட்டர்பேக்காக மூலையில் உட்கார வைத்தது. முதல் ஆளான ட்ரூ பிளட்ஸோவுக்கு 2001 மார்ச்சில் பத்து வருஷத்துக்கு 10 கோடியே 30 லட்சம் டாலர் என்று ஒப்பந்தம் போட்டார்கள். அதே வருஷம் செப்டம்பரில் பிளட்ஸோவை எதிராளி ஒருவர் இடித்த இடியில் உள்ளே ரத்தம் கசிய, ஓரத்தில் நின்ற பையன் உள்ளே வந்தான். அப்புறம் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலில் ஏழு கோப்பை.

அன்று தொட்டு, கடைசிப் பந்தியில் எவன் இலை முன்னால் உட்கார்ந்தாலும் என் கண்ணுக்கு அவன் பிரேடி. ஒரு பிரேடிக்குப் பின்னால் ஒரு பஸ் நிறையக் கார்மாஸிகள் இருப்பது தெரியாமலில்லை. தெரிந்து என்ன செய்ய? லாட்டரிச் சீட்டு வாங்குகிறவனுக்குக் கணக்குத் தெரியாது என்றா நினைக்கிறீர்கள்?

இந்தச் சோதிடத்தில் நான் ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. 2022இல் சனிக்கிழமை பூராவும் சோபாவில் ஒட்டிக்கொண்டிருந்தேன். கடைசி கடைசியாக, "கொத்தமல்லி இல்லைன்னு காலையிலேர்ந்து சொல்றேன்" என்று குரல் வந்ததால் டி.வி.யை அணைத்துவிட்டுக் கடைக்குப் போனேன். நான் போன பிறகு 262வது ஆளாக, பட்டியலின் கடைசிப் பெயராக, பிராக் பர்டி என்ற பையனைக் கூப்பிட்டிருக்கிறார்கள். கடைசி ஆளுக்கு இங்கே "மிஸ்டர் இர்ரெலவன்ட்" என்று பட்டம். ஒன்றுக்கும் ஆகாதவர் என்று அர்த்தம் வைத்துக்கொள்ளலாம். 1976இலிருந்து அவரைக் கலிஃபோர்னியாவுக்கு அழைத்து, பந்தைக் கை நழுவ விடுகிற மாதிரி ஒரு பொம்மைக் கோப்பையைக் கொடுத்து அமர்க்களம் செய்வார்கள். அந்த ஒன்றுக்கும் ஆகாதவர் 2024 பிப்ரவரியில் சூப்பர் பௌலில் நின்றார். நான் அன்று வாங்கி வந்தது கொத்தமல்லிகூட இல்லை. பார்ஸ்லி.

பணக் கணக்கிலும் நியாயம் இருக்கிறது. 2024இல் புதுப் பையனுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 7,95,000 டாலர். அனுபவமுள்ள மாற்று ஆள் வேண்டுமென்றால் அதற்கு மேல் பல லட்சம் எண்ண வேண்டும். சேஸ் டேனியல் என்று ஒருவர். 14 வருஷம் அணி அணியாக மாறி ஓரத்திலேயே நின்றார். ஆரம்பத்திலிருந்து ஆடிய ஆட்டங்கள் மொத்தம் 5. சம்பாதித்தது சுமார் 4 கோடி டாலர். இதை ஆச்சரியமாக வீட்டுக்காரியிடம் சொன்னேன். "ஓரமா நின்னு பாக்கறதுக்கா? அதை நீங்க இருபத்தஞ்சு வருஷமா இங்க சம்பளமில்லாம செய்யறீங்களே" என்றாள்.

நம் கதைக்கு வருவோம். 2024இல் பேக்கர்ஸ் ஏழாவது சுற்றில், 245வதாக, டுலேன் பல்கலைக்கழகத்து மைக்கேல் பிராட்டை எடுத்தார்கள். நாலு வருஷம் கல்லூரியில் ஆடிப் பக்குவப்பட்டவர், நிதானமானவர். பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. (எனக்கு எப்போதுமே பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும்.) கிரீன் பேயில் குவார்ட்டர்பேக்கை ஊறப்போடுவது பரம்பரைத் தொழில் வேறு. ஆரன் ராட்ஜர்ஸ் பிரெட் ஃபார்வுக்குப் பின்னால் மூன்று வருஷம் ஊறினார். ஜோர்டன் லவ் ராட்ஜர்ஸுக்குப் பின்னால் மூன்று வருஷம் ஊறினார். அடுத்த ஜாடி பிராட்தான் என்று வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த பெரியவரிடம் அடித்துச் சொன்னேன். அவர் இந்த ஊரிலேயே பிறந்து, பாலாடைக்கட்டி வடிவத் தொப்பியைப் போட்டுக்கொண்டே புல் வெட்டுகிறவர். அதிகம் பேச மாட்டார். "ஆகஸ்ட்ல பேசலாம்" என்றார்.

ஆகஸ்ட் வரை பொறுக்கிற ஜாதியா நான்? முதுகில் பிராட் என்று பெயர் தைத்த பச்சை ஜெர்ஸி ஒன்றுக்கு ஆர்டர் போட்டேன். பெயர் போட்டுத் தைத்தால் திருப்பி எடுக்க மாட்டோம் என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார்கள். நம்பிக்கையில்லாதவனுக்குத்தானே அந்த எச்சரிக்கை என்று பொத்தானை அழுத்தினேன்.

ஆகஸ்டில் என்ன நடக்கும் என்பதை, முதலாளியாகிய நான் யோசித்திருக்க வேண்டும். கோடையில் 90 பேரை வைத்துக்கொண்டு பயிற்சி நடத்துவார்கள். சீசன் துவங்குமுன் 53 பேராகக் குறைக்க வேண்டும். மூன்றாவது குவார்ட்டர்பேக்குக்கு ஒரு நாற்காலி கொடுத்தால், ஓடிப் போய் ஆளைச் சாய்க்கிற ஒருவனை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். சரி, விடுவித்துவிட்டு நைசாகப் பயிற்சிக் குழுவில் சேர்த்துக்கொள்ளலாமே என்றால், இடையில் ஒரு நாள் மற்ற 31 அணிகளும் எட்டிப் பார்க்கும். வேண்டியவன் தூக்கிக்கொண்டு போகலாம். ஜாடியை ராத்திரி திண்ணையில் வைத்துவிட்டுக் காலையில் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைப்பது போலத்தான்.

ஆகஸ்ட் 27 அன்று பிராட்டை விடுவித்தார்கள். மறுநாள் டாம்பா பே அணி தூக்கிக்கொண்டது. அதே வாரம் என் ஜெர்ஸி வந்து வாசலில் கிடந்தது.

என் பையன்தான் பெட்டியைப் பிரித்தான். பிடித்துப் பார்த்துவிட்டு, "அப்பா, இங்கிலாந்துல 'ப்ராட்'னா அசடுன்னு அர்த்தம். ஸ்பெல்லிங்ல ஒரு எழுத்துதான் வித்தியாசம்" என்றான். "யாரு போட்டுக்கப் போறாங்கன்னு பாத்தா, சரியாத்தான் தைச்சிருக்காங்க." வேலிப் பக்கம் போனேன். பெரியவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "டாம்பாவில் வெயில் நல்லா இருக்கும்" என்றார். அவ்வளவுதான்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், பிராட்டை விடுவதற்கு முதல் நாள்தான், ஒரு ஏழாவது சுற்று வாய்ப்பைக் கொடுத்து டென்னஸியிலிருந்து மாலிக் வில்லிஸ் என்பவரை வாங்கியிருந்தார்கள். அவரைப் பற்றி நான் வேலியோரம் சொன்னதையெல்லாம் இங்கே எழுத மாட்டேன். செப்டம்பர் 6 அன்று பிரேசிலில் நடந்த முதல் ஆட்டத்தின் கடைசி விநாடிகளில் முதல் ஆளான லவ்வுக்கு முழங்காலில் அடி. வில்லிஸ் வந்தார். அடுத்த இரண்டு ஆட்டத்தையும் ஜெயித்துக் கொடுத்தார், இரண்டாவது அவரை விற்ற டென்னஸிக்கு எதிராகவே.

அக்டோபரில் மாற்று ஆளாக இறங்க என் முறை வந்தது. வீட்டுக்காரி மூன்று வாரம் ஊருக்குப் போனாள், மச்சினன் வீட்டுக் கிரகப்பிரவேசம். நான் போகவில்லை, ரவுண்டு விவகாரம் ஆறட்டும் என்று அவளே சொல்லிவிட்டாள். போகும்போது இரண்டு உத்தரவு. மாவு ஃப்ரிட்ஜில் இருக்கிறது, பட்டினி கிடக்க வேண்டாம். கருவேப்பிலைத் தொட்டியை ராத்திரியில் உள்ளே தூக்கி வைக்க வேண்டும்.

மாவை முதலில் சொல்கிறேன். 2020 நவம்பர் 29 அன்று டென்வர் அணிக்கு ஒரு சங்கடம் வந்தது. கொரோனா விதிகளால் அத்தனை குவார்ட்டர்பேக்கும் அன்றைக்கு ஆட முடியாமல் போனார்கள். கெண்டல் ஹிண்டன் என்று, பந்தைப் பிடிக்கிற வேலைக்காகப் பயிற்சிக் குழுவில் இருந்த பையனைப் பிடித்து நடுவில் நிறுத்தினார்கள். கல்லூரியில் கொஞ்சம் எறிந்திருக்கிறானாம். 9 தடவை எறிந்தான். தன் ஆள் பிடித்தது 1. எதிராளி பிடித்தது 2. ஆட்டம் 31-3 என்று போயிற்று. நானும் கல்லூரிக் காலத்தில் ரூமில் தோசை சுட்டவன் என்ற தகுதியில் கல் முன்னால் நின்றேன். ஒன்பது கரண்டி மாவு. தோசையாக எழுந்து வந்தது ஒன்று. ஆறு கல்லிலேயே சமாதி. இரண்டைத் திருப்பிப் போடுகிறேன் என்று வீசினேன். பக்கத்து வீட்டு நாய் அன்று நம் வீட்டுக்கு விருந்தாளி, இரண்டையும் காற்றிலேயே கவ்விக்கொண்டது. ஹிண்டன் அன்று மணிக்கட்டில் கட்டியிருந்த பட்டையை ஒஹையோவில் இருக்கும் கால்பந்து அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். என் தோசைத் திருப்பியை இதுவரை யாரும் கேட்கவில்லை.

கருவேப்பிலைதான் கொலைக் கேஸ். குளிர்தேசத்தில் இருக்கும் நம்மவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்குச் சொல்கிறேன். இங்கே கருவேப்பிலை செடியல்ல, குடும்ப உறுப்பினர். கோடையில் வெளியே வெயில் காயும். ராத்திரி குளிரத் துவங்கினால் உள்ளே. குளிர்காலம் பூராவும் தெற்கு ஜன்னலோரம் அதற்குத்தான். எனக்கு வடக்குப் பக்கம். எங்களுடையது பதினொரு வயசு, என் தோள் உயரம். அதன் தாளிப்பு வாசனைக்காகவே மில்வாக்கியிலிருந்து ஆட்கள் சாம்பார் சாப்பிட வருவார்கள்.

அக்டோபர் நடுவில் ஒரு ராத்திரி, ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை இரண்டாம் தடவை போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். லவ்வுக்கு அந்த முழங்கால் இன்னும் வலிக்கிறதோ என்று நடையை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். அவ்வளவு அக்கறை. காலையில் புல்லெல்லாம் வெள்ளை வெளேரென்று உறைபனி. தொட்டி வெளியே. இலைகள் வேகவைத்த கீரை மாதிரி கறுத்துத் தொங்கின. தொட்டேன், கையோடு வந்தது. வெந்நீர் ஊற்றலாமா என்று பையனுக்குப் போன் செய்தேன். "அப்பா, தயவுசெய்து எதையும் தொடாதீங்க" என்றான்.

அவள் வந்து இறங்கிய அன்று விமான நிலையத்திலிருந்து வீடு வரை நாற்பது நிமிஷம் கிரகப்பிரவேசத்தைப் பற்றியே கேட்டுக்கொண்டு வந்தேன். இவ்வளவு அக்கறையாக அவள் தம்பி வீட்டுக் கதவு எந்த மரம் என்று நான் கேட்டதிலேயே அவளுக்குப் புரிந்திருக்கும். உள்ளே வந்தாள். ஜன்னலைப் பார்த்தாள். மொட்டைக் குச்சியைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவேயில்லை. சாவியை எடுத்துக்கொண்டு மூணு தெரு தள்ளி இருக்கும் சிநேகிதி வீட்டுக்குப் போனாள். அரை மணியில் திரும்பியபோது கையில் ஒரு சின்னத் தொட்டி. அதில் முழங்கை உயரக் கருவேப்பிலைக் கன்று, தளதளவென்று.

"இது எப்ப வச்ச?"

"ரெண்டு வருஷமாச்சு. அடியில கெளம்பின கன்னு."

"இங்க வச்சிருக்கலாமே?"

"இங்க நீங்க இருக்கீங்களே."

நான் உட்கார்ந்துவிட்டேன். தொண்ணூறுகளில் கிரீன் பேயில் ரான் உல்ஃப் என்று ஒரு பொது மேலாளர் இருந்தார். அவரிடம் ஃபார்வ் இருந்தார். ஒரு ஆட்டம்கூடத் தவறாமல் தொடர்ந்து 297 சீசன் ஆட்டம் ஆடியவர். அப்படிப்பட்ட இரும்பு மனுஷனை வைத்துக்கொண்டும் உல்ஃப் ஏறக்குறைய வருஷா வருஷம், பெரும்பாலும் பின்பந்தியில், ஒரு குவார்ட்டர்பேக் பையனை எடுத்துப் போட்டுக்கொண்டே இருந்தார். மார்க் புரூனெல் 1993இல் ஐந்தாவது சுற்று, மேட் ஹாசல்பெக் 1998இல் ஆறாவது, ஆரன் புரூக்ஸ் 1999இல் நாலாவது. அத்தனை பேரும் கிரீன் பேயில் வளர்ந்து வேறு ஊரில் போய்ப் பெரிய ஆளானார்கள். புரூனெலைக் கொடுத்து ஒரு மூன்றாவது சுற்றும் ஒரு ஐந்தாவது சுற்றும் வாங்கினார் உல்ஃப். ஹாசல்பெக் சியாட்டிலை சூப்பர் பௌல் வரை கொண்டுபோனார். இதையெல்லாம் வருஷக் கணக்கில் படித்துக் கரைத்துக் குடித்தவன் நான். என் வீட்டுக்குள்ளேயே ஒருத்தி அதையே செய்துகொண்டிருப்பது தெரியவில்லை. கேட்டால், இதற்கு முந்தின கன்று மேடிசனில் ஒரு வீட்டில் இருக்கிறதாம். அதைக் கொடுத்துத்தான் நம் வீட்டுப் பிரண்டைக் கொடியும் துளசியும் வந்தனவாம். ஒரு மூன்றாவது சுற்று, ஒரு ஐந்தாவது சுற்று.

உல்ஃப் கதையை ஆவேசமாக அவளிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். "அந்த மனுஷன் பொண்டாட்டிதான் சொல்லிக் குடுத்திருப்பா" என்றாள்.

2025 டிராஃப்ட் கிரீன் பேயிலேயே நடந்தது. இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம். முதலாளி என்ற முறையில் போகக் கிளம்பினேன். மண் மாற்றித் தொட்டி பெரிதாக்கும் நாள் என்று நிறுத்திவிட்டாள். மண் பிசைந்த கையோடு ஜன்னல் வழியாக டி.வி.யை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பேக்கர்ஸ் அந்த வருஷம் குவார்ட்டர்பேக்கே எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் ஆர்டர் போடுகிற அட்டை அவளிடம்தான் இருந்தது.

ஜெர்ஸி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். நான் ஒரு நாளும் போட்டுக்கொள்ளவில்லை. செப்டம்பர் கடைசியில் பகல் வெயில் சுகமாக இருக்கும், ராத்திரி மட்டும் குளிரும். புதுச் செடி இப்போது இடுப்புயரம். பெரிய தொட்டி, தினமும் தூக்கினால் என் முதுகு போய்விடும். அதனால் உள்ளே கொண்டுவரும் வரை ராத்திரியில் அதற்கு எதையாவது போர்த்துகிறாள். நாலு குச்சி நட்டு, தலைவழியே மாட்டினால் எக்ஸ்எல் சைஸ் கனகச்சிதம். கைகள் இரண்டும் தொங்க, முதுகு வேலிப் பக்கம் திரும்ப, விடியக்காலை மஞ்சு மூட்டத்தில் பார்த்தால் யாரோ ஓரத்தில் நின்றபடி ஆட்டம் பார்க்கிற மாதிரியே இருக்கும்.

போன வாரம் காலையில் காப்பியோடு வெளியே வந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் பெரியவர் தொப்பியோடு நின்றிருந்தார். ஜெர்ஸியின் முதுகில் இருந்த பெயரைப் படித்தார். என்னைப் பார்த்தார்.

"இப்ப இவர்தான் முதல் ஆளா?" என்றார்.

"ராத்திரி ஆட்டத்துக்கு மட்டும்" என்றேன்.

தொப்பியைக் கழற்றிக்கொண்டு உள்ளே போனார். "ஏங்க, வெயில் வந்துருச்சு, அதைக் கழட்டிட்டு வாங்க" என்று அடுப்பங்கரையிலிருந்து பொது மேலாளரின் குரல் கேட்டது.